இரணைமடுவில் வட்ஸ்அப் வகுப்பு: யார் செலவில் நடந்த கல்வி?

வன்னியின் இரணைமடுக் குளத்தைச் சூழ்ந்த ஊர்களில் சமூக ஊடகம் கற்பித்தற் கருவியானதற்குக் கல்விக் கொள்கை எதுவும் காரணமன்று. பாடசாலைகள் பூட்டப்பட்டமையே காரணம். 2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி அமைச்சிடம் ஈ-தக்சலாவ என்ற கற்றல் இணையத்தளம் ஏற்கெனவே இருந்தது. தொலைக்காட்சியிலும் பாடங்கள் ஒளிபரப்பாகின. நாடெங்கும் ஆசிரியர்கள் நாடியதோ வட்ஸ்அப்பையும் வைபரையும். வன்னியில் அதற்கு வலுவான நியாயம் உண்டு. ஒளிபரப்பான பாடம் நேரம் தவறினால் போய்விடும். வட்ஸ்அப்பில் இட்ட செயலட்டையும் குரல்பதிவும், வயலுக்கோ கூலிவேலைக்கோ தகப்பனோடு போன போன் பொழுதுபட வீடு திரும்பும்வரை காத்திருக்கும். பிள்ளை விடையைப் படம்பிடித்து அனுப்பினால் ஆசிரியர் திருத்தி அனுப்பலாம். இந்த மறுமொழிதான் குறிப்புப் பரிமாற்றத்தைக் கற்பித்தல் ஆக்கியது.

கட்டடம் இல்லாத கல்வி வன்னிக்குப் புதிதல்ல. 2009இல் போரால் இடம்பெயர்ந்த பிள்ளைகள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்தபடியே அவ்வாண்டு ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள். அவர்களுக்குக் கற்பித்தவர்களும் இடம்பெயர்ந்த ஆசிரியர்களே. வட்ஸ்அப் வகுப்பை இந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே நான் வாசிக்கிறேன். இரண்டு காலத்திலும் கல்வியைத் தாங்கியது ஆசிரிய உழைப்பு. 2020இல் அதன்மேல் பணச்சுமையும் ஏறியது: போன், டேற்றா, பாடசாலை நேரத்துக்கு வெளியே திருத்தும் வேலை எல்லாம் ஆசிரியரின் சொந்தக் கணக்கில். 2021 ஜூலையில், சம்பள முரண்பாட்டுக்குத் தீர்வு கோரியும் தொழிற்சங்கத் தலைவர்கள் கைதானதை எதிர்த்தும் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. போராட்டம் ஒக்டோபர் வரை நீண்டது. செயலிகள் எல்லாம் இயங்கிக்கொண்டுதான் இருந்தன, வகுப்புகள்தான் இல்லை. கருவியே கற்பிக்கிறது என்ற கூற்றுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

போன் பிள்ளையின் கவனத்தைச் சிதைக்கும் என்பது பெற்றோரின் நியாயமான அச்சம். ஆயினும் வீட்டுக்கு ஒரே போன் உள்ள இடத்தில் அதைவிடப் பெரிய சிக்கல், அது பிள்ளையின் கைக்கு எட்டாமையே. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்று வகுப்புக் குழுக்களும் அதே போனுக்குள். இன்னொரு மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. ஒரே உத்தரவில் மூடக்கூடிய தளத்தின்மேல் பாடசாலையை முழுதாக ஏற்றக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அச்சிட்ட செயலட்டையும் கூடவே ஊருக்குள் போக வேண்டும். இது வட்ஸ்அப்பைக் கைவிடுவதற்கான வாதமன்று, அதற்குத் துணை தேடுவதற்கான வாதம்.

ஆசிரியரும் பெற்றோரும் சுமந்த இந்தச் செலவை அரசு ஏற்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பாரும் உளர். அவர்களுக்கான பதில் இரணைமடுவுக்கு அருகே, அறிவியல் நகரில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் அங்கேதான் இயங்குகின்றன. 2020இல் இலங்கைப் பல்கலைக்கழகங்களின் லேர்ன் வலையமைப்பு வழியாக நடந்த சூம் விரிவுரைகளுக்கு மாணவரிடம் டேற்றாக் கட்டணம் அறவிடப்படவில்லை; தொலைத்தொடர்பு நிறுவனங்களுடன் செய்த ஏற்பாடு அதைச் சாத்தியமாக்கியது. அதே கோபுரத்தின் அலைவரிசையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் கணிதச் செயலட்டைக்குத் தகப்பன் றீலோட் போட வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குச் செய்ய முடிந்ததைப் பாடசாலைக்குச் செய்யாமல் விட்டதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட முடியாது.