ஆஸ்ட்ரோவா, ஓடிடியா? வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்பதே முதல் கேள்வி

மாதச் செலவைக் குறைக்க நினைக்கும் குடும்பங்களில் அடிக்கடி எழும் பேச்சு, ஆஸ்ட்ரோவை நிறுத்திவிட்டு ஓடிடி செயலிகளுக்கு மாறிவிடலாமா என்பது. 1996-இல் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு தொடங்கியபோது, நாள் முழுவதும் தமிழ் நிகழ்ச்சி பார்க்க நம் வீடுகளுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று வழிகள் பல. குழப்பமும் அதனால்தான்.

கணக்கில் முதலில் விடுபடுவது இணையக் கட்டணம். பிள்ளைகளின் படிப்புக்காக ஏற்கெனவே பைபர் இணைப்பு உள்ள வீட்டுக்கு, ஓடிடி சந்தா மட்டுமே கூடுதல் செலவு. பைபர் எட்டாத தோட்டப்புற வீட்டின் நிலை வேறு. எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்க்க 3 ஜிபி வரை செலவாகும் என்கிறது நெட்பிளிக்ஸ். தினமும் நான்கு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 360 ஜிபி. கைப்பேசி டேட்டாவை வைத்து இதைச் சமாளிப்பது கடினம். அதேவேளையில், கனமழையில் டிஷ் சிக்னல் துண்டிக்கப்படும் தொல்லை பைபர் வீட்டுக்கு இல்லை.

வீட்டில் பாட்டியோ தாத்தாவோ பகலில் தனியாக இருக்கிறார்களா? அப்படியானால் இந்த முடிவை விலை மட்டும் தீர்மானிக்கக்கூடாது. ரிமோட்டில் எண்ணை அழுத்தி நெடுந்தொடர் பார்த்துப் பழகியவர், செயலியைத் திறந்து, ஆங்கிலப் பட்டியலில் தேட வேண்டியிருந்தால், மகன் வேலை முடிந்து வரும்வரை இருண்ட திரையின் முன் உட்கார்ந்திருப்பார். மிச்சமாகும் சில வெள்ளிக்கு அது பெரிய விலை.

உள்ளூர்ப் படைப்புகளையும் மறக்கக்கூடாது. நம் கலைஞர்கள் நடிக்கும் விண்மீன் நாடகங்களை இந்தியச் செயலிகளில் எதிர்பார்க்க முடியாது. ஒளிபரப்பு உரிமம் நாட்டுக்கு நாடு மாறுவதால், தமிழ்நாட்டில் உள்ள உறவினர் பார்க்கும் எல்லாமே அதே செயலியில் இங்கும் வரும் என்ற உறுதியும் இல்லை.

செய்தி மட்டும் போதும் என்பவர்களுக்குக் கட்டணமே தேவையில்லை. டிவி2-இன் தமிழ்ச் செய்தி இலவசம். ஆர்டிஎம் கிளிக் செயலியிலும் அந்த அலைவரிசையைப் பார்க்கலாம். 2012-இல் அறிமுகமான என்ஜோய் பெட்டியை ஒருமுறை வாங்கினால் மாதச் சந்தா இல்லை.

மாறத்தான் வேண்டும் என்றால், ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி, இடையில் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு, டிகோடரைத் திருப்பித் தர வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுத்துபூர்வமாகப் பெறுவது நல்லது. 2024 மார்ச் முதல் சேவை வரி 8 விழுக்காடு. கட்டணத் தொலைக்காட்சிக்கு அது உண்டு; இணைய இணைப்புச் சந்தாவுக்கு 6 விழுக்காடு. எனவே வரி சேர்த்த தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். பழைய இணைப்பைத் துண்டிக்காமல், மாதம் மாதம் கட்டும் செயலி ஒன்றை ஒரு மாதம் எடுத்து, அதை ரிமோட்டோடு பாட்டியிடமே கொடுத்துப் பார்க்கலாம்.