குப்பையைக் கூட்டும் கைகள்

அரசர்களின் ஆட்சியாண்டுகளால் வரலாற்றை அளந்த காலம் போய்விட்டது. உழைப்பவர் யார், அவ்வுழைப்பின் பயனைத் துய்ப்பவர் யார் என்று கேட்டே நாம் வரலாற்றைப் பயில்கிறோம். அந்தக் கேள்வியைக் குப்பையைப் பற்றியும் கேட்கவேண்டிய காலம் மலையகத்துக்கு வந்திருக்கிறது.

1885இல் இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியது. அப்பாதையிலே, தலவாக்கலையை அடுத்துத் தேயிலைச் சரிவுகளுக்கிடையே அமைந்தது வட்டகொடை. அந்நாளைய லயத்து வாழ்வில் எறிவதற்கென்று அதிகம் இருந்ததில்லை. கொழுந்துக் கூடை மூங்கிலால் முடையப்பட்டது. கிழிந்த சாக்கு படங்காயிற்று. அடுப்புச் சாம்பல் காய்கறிப் பாத்திக்கு உரமாயிற்று. இன்று அறிஞர்கள் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்று பெயரிட்டுப் போற்றுவதை அம்மக்கள் வறுமையின் நெருக்குதலால் அன்றாடம் செய்துவந்தனர்.

லயத்தின் வாசலையும் கானையும் துப்புரவாக்க ‘வாசக்கூட்டி’ என்றொரு தொழிலாளியைத் தோட்டம் வைத்திருந்தது. சாதிப்படியின் அடியில் வைக்கப்பட்டோரிடமே இவ்வேலை பெரும்பாலும் ஒப்படைக்கப்பட்டது. நகரத்திலும் இதே கதைதான். கண்டி நகரைத் துப்புரவாக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழியினர் இன்றும் மகியாவையில் வாழ்கின்றனர். ஊர் தூய்மையாயிற்று, தூய்மை செய்தவரோ ‘தீண்டத்தகாதவர்’ எனப்பட்டார்!

பின்னர் பிளாஸ்டிக் வந்தது. மூங்கிற் கூடையின் இடத்தைப் பல தோட்டங்களில் நைலோன் பை பிடித்தது. சாக்கு உரப்பை பிளாஸ்டிக் பையாக மாறியது. நாட்கூலி பெறுவோர் எதையும் மொத்தமாக வாங்க இயலாது. அவர்களுக்கென்றே சிறு பக்கற்றுகளில் ஷாம்பூவும் சவர்க்காரத்தூளும் சந்தைக்கு வந்தன. காலிப் பக்கற்று பீலிக்கரையில் தேங்கியது. மழையோடு ஓடையிலே இறங்கி, கொத்மலை ஓயாவைச் சேர்ந்து, மகாவலிக்குச் சென்றது.

இதை அள்ளவேண்டியவர் யார்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட வழிவிடவில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. சபைக்கு வாக்களித்த தோட்டத் தொழிலாளியின் வாசலுக்குச் சபையின் குப்பை வண்டி வரச் சட்டமே தடையாக நின்றது. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டுப் புறக்கணிப்பின் எச்சத்தை ஓடைகளில் இன்றும் காணலாம்.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரை விழுங்கியது. மாண்டோர் அம்மேட்டின் அடியில் குடியிருந்த ஏழைகள். அவ்வாண்டு செப்டெம்பரில் உணவு சுற்றும் பொலித்தீன் தாள்களுக்கும் பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதற்கும் தடை விதிக்கப்பட்டது. 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் நீங்கலாக, 20 கிராமுக்கும் 20 மில்லிலீற்றருக்கும் உட்பட்ட பக்கற்றுகளும் தடைசெய்யப்பட்டன. அதே மார்ச் மாதத்தில்தான் தோட்டத் தொழிலாளரின் நெடுநாட் கோரிக்கையான 1000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் இடம்பெற்றது. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். சிறு பக்கற்றை ஒழிக்கச் சட்டம் போதும். அதை வாங்க வைத்த சிறு கூலியை ஒழிக்காமல் சட்டம் எப்படி முழுமை பெறும்?

வழி இல்லாமலில்லை. இந்தியாவின் புனே நகரில் குப்பை பொறுக்குவோர் 1993இல் சங்கம் அமைத்தனர். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களே அவர்களுட் பெரும்பான்மையினர். பின்னர் ‘ஸ்வச்’ என்னும் அவர்களது கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்து, வீடுவீடாகக் குப்பை சேகரிக்கும் உரிமையைப் பெற்றது. பொறுக்கியவர் தொழிலாளியாக நிமிர்ந்தார். இதைச் செய்துகாட்டியது ஒன்றுபட்ட அமைப்பு.

வட்டகொடைக்கும் வேண்டுவது இதுவே. சபையின் வண்டி லயத்து வாசலுக்கு வரட்டும். பிளாஸ்டிக்கை விற்று இலாபம் கண்ட கம்பெனி அதைத் திரும்பப் பெறும் செலவையும் ஏற்கட்டும். பிரித்துச் சேர்க்கும் வேலை வாசக்கூட்டியின் பிறப்புரிமைச் சுமையாக மீண்டும் ஒரு சாதியின் தலையில் ஏறாமல், நியாயமான கூலியும் கையுறையும் கூட்டுறவும் உடைய தொழிலாகட்டும். மாணவரும் ஆசிரியரும் சிரமதானத்தோடு நின்றுவிடாமல் இக்கோரிக்கைகளைச் சபையின் மேசைக்குக் கொண்டுசெல்வார்களாயின், வாசக்கூட்டிக்கு வரலாறு பட்ட கடனில் ஒரு பங்கேனும் தீரும்.