தவணைக்கு வெளியே ஒரு கல்வி

இலங்கையின் பாடசாலை ஆண்டு மூன்று தவணைகள் கொண்டது. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் பிள்ளைகளுக்கு விடுமுறை. மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில் கண் தெரிந்த பிள்ளைக்கு அந்த வாரங்கள் பந்தும் கடற்கரையும் கோயில் திருவிழாவும் ரியூசனுமாக ஓடிவிடும். பார்வையற்ற பதின்ம வயதுப் பிள்ளைக்கோ அவை பெரும்பாலும் வீட்டு விறாந்தையோடு முடிந்துவிடும். மேல்நாடுகளில் கோடை விடுமுறையில் இப்பிள்ளைகளுக்கென்று பயிற்சி முகாம்கள் நடக்கின்றன என்றால், அது வசதி படைத்த நாட்டுச் சொகுசு என்று சொல்பவர்களே நம்மிடம் அதிகம். நம் நாட்டில் பார்வையற்றோர் கல்வி வளர்ந்த விதத்தைப் பார்த்தால் வேறொரு முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது. அந்தக் கல்வி தூர இடத்து விடுதியை நம்பி எழுந்தது. விடுதி எழுத்தைக் கொடுத்தது. சொந்த ஊரில் தனியே நடமாடும் திறத்தை அதனால் கொடுக்க முடியவில்லை. அந்தப் பாக்கியைத் தீர்க்க நம் கையில் இருக்கும் காலம் விடுமுறைதான்.

விடுதி ஏன் வந்தது என்பதை முதலில் பார்க்கவேண்டும். தென்னாசியாவில் பார்வையற்றோருக்கான முதற் பள்ளியை 1887 இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1890 இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கினார். அவர் இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா மிஷனைச் சேர்ந்தவர். இலங்கையில் 1912 இல் செவிப்புலன், விழிப்புலன் அற்றோருக்கான பாடசாலையைத் தொடங்கிய மேரி சாப்மனும் அதே மிஷன்காரர்தான். பின்னாளில் இரத்மலானைப் பாடசாலை என்று பெயர்பெற்றது அதுவே. ஒரு ஊரில் ஒன்றிரண்டு பிள்ளைகள், நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க ஆசிரியர்கள், கடல் கடந்து வரும் கருவிகள் என்ற நிலையில், பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்துத் தங்கவைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்ததே 1928 இல்தான். அதன் பிறகும் கொழும்புக்குப் போவதென்றால் தீவைக் குறுக்கே கடக்கும் இராப் பயணம். 1956 இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தபோது தமிழ் வழியில் படிக்கத் தனியிடம் கிடைத்தது. கிழக்குப் பிள்ளைக்கு மொழி அருகில் வந்தது, தூரம் குறையவில்லை. பெற்றோர் பலர் பிள்ளையை அனுப்பத் தயங்கியிருந்தால் அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அத்தனை தூரம் அனுப்பினால் பிள்ளை தவணை முடிவில்தான் வீட்டுக்கு வரும்.

இந்த விடுதிகள் சாதித்ததைக் குறைத்துச் சொல்வதும் நியாயமாகாது. 1951 இல் யுனெஸ்கோ ஆதரவில் பெய்ரூட்டில் கூடிய மாநாட்டை ஒட்டி, அதுவரை பலவாறாகச் சிதறிக் கிடந்த தென்னாசியப் பிறெயில் முறைகள் பொது அடிப்படை ஒன்றுக்கு வந்தன. தமிழ்ப் பிறெயிலும் அதில் அடங்கும். அதன் வேலைப்பாட்டை ஒருமுறை கவனிக்கவேண்டும். அச்சுத் தமிழில் ‘கெ’ என்று எழுதும்போது ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கும். ‘கொ’ என்றால் எழுத்தின் இரு புறமும் குறி வரும். பிறெயிலில் ககரத்துக்குரிய புள்ளிகள் முதலில், உயிருக்குரிய புள்ளிகள் அடுத்து. காது கேட்கும் ஒழுங்கிலேயே விரல் வாசித்துப் போகும். சட்டகத்தில் தாளைச் செருகி ஊசியால் குத்துகிற பிள்ளை வலமிருந்து இடமாக எழுதவேண்டும். தாளைத் திருப்பினால்தான் புள்ளி மேடாகி இடமிருந்து வலமாக வாசிக்க வரும். இதை விரல் தானாகச் செய்யுமளவுக்குப் பழக்க அன்றாடப் பயிற்சியும் பொறுமையான ஆசிரியரும் வேண்டும். விடுதி அந்த இரண்டையும் கொடுத்தது. பிரம்பு பின்னலும் சங்கீதமும் சேர்ந்து வந்தன. படித்து ஆசிரியரானோரும் உண்டு.

விடுதியால் கொடுக்க முடியாதது ஊர். ஆரையம்பதியையே எடுத்துக்கொள்வோம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பெருந்தெரு. தெருவை விட்டு இறங்கினால் மணல் ஒழுங்கைகள். சீமெந்துத் தரையில் பிரம்பு தட்டினால் சுவரும் வாசலும் எதிரொலியில் தெரியும்; மணல் அந்த ஒலியை விழுங்கிவிடும், பிரம்பின் நுனியும் புதையும். இங்கே திசை காட்டுபவை வேறு: கிழக்கில் ஓயாத அலையோசை, பெருந்தெருவின் வாகன இரைச்சல், நடு ஆண்டில் மேற்கிலிருந்து அனலாக வீசும் கச்சான், வேலி முடிந்து வளவு திறக்கும் இடத்தில் முகத்தில் படும் காற்று. உடலுக்கு முன்னால் நீண்ட பிரம்பை வீசி நடக்கும் முறையை 1944 இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனையில், போரில் பார்வை இழந்தோருக்காக ரிச்சர்ட் ஹூவர் வகுத்தார். அதன் அடிப்படையை எந்த விடுதி முற்றத்திலும் கற்பிக்கலாம். ஆரையம்பதி மணலில் அதை எப்படிப் பிடிப்பது என்பதை ஆரையம்பதியில்தான் கற்கவேண்டும். ஒருமுறை கற்றால் போதும் என்றும் இல்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இக்கரையோரத்தின் அடையாளங்களை வாரிக்கொண்டு போனது. 2014 இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தபோது படகுத் துறைக்குப் போன வழக்கமே மாறியது. ஊர் மாறும்போது கால் அறிந்த வழியும் பழசாகிவிடுகிறது.

போர் இந்தத் தூரத்தை இன்னும் நீட்டியது. 1983 க்குப் பிறகு தெற்கே போவது அச்சமானது. 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியே போவதும் வருவதும் நிச்சயமற்றதானது. பின்னாளில் மட்டக்களப்பு மஞ்சந்தொடுவாயில் ‘தரிசனம்’ விழிப்புலனற்றோர் பாடசாலை இயங்கத் தொடங்கியது. காத்தான்குடிக்கு வடக்கே அது, தெற்கே ஆரையம்பதி. சாதாரணப் பாடசாலையிலேயே சேர்த்துப் படிப்பிக்கும் முறையும் 1960 களின் இறுதியிலிருந்து நாட்டில் வேர்விட்டது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோருக்குக் கல்வியிலும் வேலையிலும் பாரபட்சம் காட்டக்கூடாது என்றது. அப்படியானால் பாக்கி தீர்ந்துவிட்டதா? தூரம் குறைந்தது, நேரசூசி மாறவில்லை. அமெரிக்கக் கல்வியாளர் பில் ஹாட்லன் அதே 1996 இல் இதைத் தெளிவாக எடுத்துவைத்தார். கண் தெரிந்த பிள்ளை பார்த்துப் பார்த்தே பழகிக்கொள்கிற நடமாட்டம், வீட்டு வேலை, பிறரோடு பழகும் முறை, தொழில் பற்றிய அறிவு ஆகியவற்றைப் பார்வையற்ற பிள்ளைக்குத் தனியே திட்டமிட்டுக் கற்பிக்கவேண்டும் என்பது அவர் வாதம். க.பொ.த. சாதாரண தரத்துக்கு எல்லாரோடும் ஓடும் பிள்ளைக்குத் தவணைக்குள் அதற்கு எங்கே நேரம்? அந்த இடைவெளியைத்தான் மேல்நாட்டு முகாம்கள் நிரப்பின. பார்வையற்ற இசைக்கலைஞரான ரோஸ் ரெஸ்னிக் 1950 இல் கலிபோர்னியாவில் முகாம் ஒன்றைத் தொடங்கினார். லூசியானாவில் ஜோவான் வில்சன் 1985 இல் தொடங்கிய நிலையம், கோடையில் பதின்ம வயதினரை உள்ளூர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவும் வைக்கிறது. அவரும் பார்வையற்றவரே.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மூன்று கனமானவை. ஒன்று, எல்லாரோடும் சேர்த்துப் படிப்பிக்கப் பாடுபட்டுவிட்டு விடுமுறையில் மறுபடி பிரித்துவைப்பதா என்பது. நீந்தப் பழகும்வரை பிள்ளைக்குத் தனிக் கவனம் கொடுப்பதை யாரும் பிரிவினை என்று சொல்வதில்லை. தனியே நடக்கவும் தேநீர் போடவும் நாணயத்தாளை நீளம் பார்த்துப் பிரித்தறியவும் தெரிந்த பிள்ளைதான் வகுப்பில் மற்றவர்களோடு சமனாக இருக்க முடியும். இரண்டாவது, நம் பக்கத்துச் சொந்தபந்தம் போதாதா என்பது. மட்டக்களப்பில் வீடு மகளுக்குப் போகிறது. தாயும் சகோதரிகளும் ஒரே வளவிலோ அயல் வளவிலோ இருக்கிறார்கள். பிள்ளையைக் கைவிடுவோர் குறைவு. உண்மைதான். ஆனால் அந்தப் பரிவு பிள்ளைக்காக எல்லாவற்றையும் செய்து கொடுக்கிறது, பிள்ளையைச் செய்ய விடுவதில்லை. பார்வையற்ற மகன் வளர்ந்து சகோதரியின் வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவனாகிறான். பார்வையற்ற மகளுக்கு வீடு எழுதிக் கொடுத்தாலும் அந்த வீட்டு அடுப்பங்கரைக்குள் அவளை விடப் பயப்படுகிறார்கள். மூன்றாவது செலவு, இரண்டு வாரத்தில் என்ன பெரிதாக மாறிவிடும் என்ற ஐயமும் அதோடு சேர்ந்தது. எங்கோ மலைநாட்டு விடுதிக்குக் கூட்டிப்போய்ப் பாடி ஆடிப் படமெடுத்துத் திரும்பும் முகாமுக்கு இந்தக் கேள்வி சரியாகவே பொருந்தும். ஊருக்குள் நடத்தும் பயிற்சிக்கு விடுதியும் வேண்டாம், பெரிய பஸ் செலவும் வேண்டாம். பிள்ளை பழகிய வழி அடுத்த நாளும் அதே வழியாகவே இருப்பதால், கற்றது தானாகவே பயிற்சியாகிவிடும்.

விடுமுறையில் நடப்பதற்கு வரலாற்றில் மதிப்பில்லை என்று நினைப்பவர்களுக்கு லூயி பிறெயிலின் கதையே பதில். பத்து வயதில் பாரிசு விடுதிப் பள்ளியில் சேர்ந்தவர் அவர். 1824 இல், பதினைந்து வயதில், ஆறு புள்ளி முறைக்கு உருக்கொடுத்துவிட்டார். விடுமுறையில் சொந்த ஊரான கூவ்ரேயிலும் அந்த வேலையைத் தொடர்ந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் சொல்கிறார்கள். அங்கே தகப்பனாரின் தோல் பட்டறையும் ஊசிகளும் இருந்தன. பள்ளி அவருக்குக் கேள்வியைக் கொடுத்தது. வேலை செய்து பார்க்க வீட்டிலும் இடம் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு நூறு ஆண்டுக்கு மேலாகப் பள்ளி இருக்கிறது. விடுமுறைக்குப் பொறுப்பானவர் மட்டும் இல்லை: பாடசாலை அதைக் குடும்பத்திடம் விடுகிறது, குடும்பம் பாதுகாப்பாக வைத்திருப்பதோடு கடமை முடிந்தது என்கிறது. ஆகஸ்ட் விடுமுறையில் ஊர்தோறும், பார்வையற்ற மூத்தவர்களையே ஆசிரியராக வைத்து, பெற்றோரையும் கூட நடக்கவைத்து நடத்தும் பயிற்சியைக் கல்வி வலயமே தன் வேலையாக எடுத்துக்கொள்ளவேண்டும். நன்கொடையாளர் மனம் வைக்கும் ஆண்டில் மட்டும் நடப்பதாக அது இருக்கும்வரை, விடுதிக் காலம் விட்டுப்போன குறையை ஒவ்வொரு தலைமுறையும் தன் தலையில் சுமக்கவேண்டியிருக்கும்.