பதிவேடுகள் முரண்படும்போது

என் பாட்டனார்க்குப் பிறந்த ஆண்டு மூன்று. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு 1908 என்கிறது. மிஷன் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடோ 1-6-1911 என்கிறது. கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கச் சென்றவர் 1925-இல் பெற்ற வேலைச் சீட்டில் வயது 20 என்றுள்ளது; அதன்படி 1905. இவற்றுள் எது மெய்?

ஏட்டை நம்புமுன் அதை எழுதியவர் யார், சொன்னவர் யார், எந்தத் தேவைக்காகச் சொன்னார் என்று வினவுதல் வேண்டும். குருவானவர் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே, பெற்றோரும் ஞானப்பெற்றோரும் எதிரில் நிற்க எழுதினார். பள்ளியிலோ, 1916 ஜூனில் ஐந்து வயது நிறைந்ததாகக் கணக்கிட்டுத் தலைமையாசிரியர் எழுதினார். நானும் தலைமையாசிரியனே, எங்கள் துறையின் அப்பழைய வழக்கத்தை மறைப்பதற்கில்லை. நம்மவருள் பலர் ஜூன் மாதத்திலேயே பிறந்திருப்பதன் காரணம் அதுதான்! சுரங்கத்திலோ ஆள் கூலி பெற வயதைக் கூட்டிச் சொன்னார். ஆகவே 1908-ஐக் கொண்டேன். எனினும் மற்ற இரண்டும் பயனற்றவை அல்ல. அவர் எந்த ஆண்டில் எங்கிருந்தார் என்பதற்கு அவையே சான்று.

வாய்மொழிச் செய்தியிலும் எச்சரிக்கை தேவை. என் கொள்ளுப்பாட்டனாரும் என் சிற்றப்பா ஒருவரும் ‘தாது வருஷத்தில்’ பிறந்தவர்கள் என்று அத்தை கூறுவார். அத்தை பிழையாகச் சொல்லவில்லை. அறுபதாண்டுச் சுழற்சியில் முன்னவர்க்குரியது பெரும் பஞ்சம் தொடங்கிய 1876-77, பின்னவர்க்குரியது 1936-37.

சாதிப் பெயரைக் கண்டும் மயங்கலாகாது. 1916-இல் பாட்டனார்க்குப் ‘பஞ்சமர்’ என்றெழுதிய அதே பள்ளி, 1924-இல் அவர் தம்பிக்கு ‘ஆதிதிராவிடர்’ என்றெழுதியது. இடையில் 1922-இல், எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தை ஒட்டி, அரசு ஏடுகளில் நம் பெயர் மாற்றப்பட்டது. இவ்வரலாறு அறியாதவர் உடன்பிறந்தாரையே இரு குடும்பத்தினராகப் பிரித்துவிடுவர்.

இதெல்லாம் வீண் ஆராய்ச்சி என்று கருதும் இளைஞர்க்கு ஒரு செய்தி. 1892-ஆம் ஆண்டு ஆணையின்கீழ் வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தை முதல் பத்தாண்டுகள் விற்கலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதார்க்கு மாற்றலாகாது. என் கொள்ளுப்பாட்டனார் பெற்ற அத்தகைய நிலம் கைமாறிக் கிடந்தது. மூலப் பட்டாவில் ‘சின்னான்’ என்றிருந்தது. பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவிலோ தந்தை பெயர் ‘ஆரோக்கியம்’. அவர் வேறு, இவர் வேறு என்று எதிர்த்தரப்பார் சாதித்தனர். ஊரில் சின்னான்கள் பலர். ஆதலால் அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதும் அன்று.

கோயிலின் திருமணப் பதிவேட்டைக் கேட்டுப் பெற்றுப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். இலத்தீனில் எழுதப்பட்ட ஒரு வரியில் ஆரோக்கியம் என்ற பெயரை அடுத்து, ‘மறுபெயர்’ என்னும் பொருளுள்ள சொல்லும், அதன்பின் சின்னான் என்ற பெயரும் இருந்தன. மணமகள் பெயர் என் கொள்ளுப்பாட்டியாருடையதே. அவ்வரியின் சான்றிட்ட நகல் இப்போது எங்கள் மனுவுடன் உள்ளது, விசாரணை முடியவில்லை.

வீட்டுக் குறிப்பேட்டில் பாட்டனாரின் மூன்று ஆண்டுகளையும், ஒவ்வொன்றும் கிடைத்த ஏட்டின் பெயரோடு எழுதி வைத்துள்ளேன். 1908-இன் கீழ் மட்டும் கோடிட்டிருக்கிறேன்.