கறை என்று ஒதுக்கப்பட்ட உண்மை



"சார், எங்க பாட்டிக்கு இனிப்பு நீர். தினமும் இன்சுலின் ஊசி போடுறாங்க. நமக்கு மட்டும் ஏன் சார் ஊசி வேண்டாம்?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். "நம் உடம்பே அதைச் செய்துகொள்கிறது" என்றேன். அவன் விடவில்லை. "செஞ்சா, யாரு சார் அதை வெளியே அனுப்புறது?" என்றான். இந்தக் கேள்விக்கு விடை காண அறிஞர்களுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இத்தாலி நாட்டு மருத்துவர் கமில்லோ கோல்கி 1843இல் பிறந்தவர். தீரா நோயாளிகளின் விடுதி ஒன்றில் வேலை பார்த்தபோது, அங்கிருந்த சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு நரம்பணுக்களுக்குக் கருநிறம் ஏற்றும் முறையை 1873இல் கண்டுபிடித்தார். பின்னர் 1898இல், பாவியா நகரில், ஆந்தையின் மூளையை நுண்பெருக்காடியில் பார்த்தார். ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஒரு வலை போன்ற அமைப்பு தெரிந்தது.

1906இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது நரம்பு மண்டல ஆராய்ச்சிக்காக. அந்த வலையைப் பலர் நம்பவில்லை. "மருந்து பட்டு உண்டான கறைதான்" என்றனர். 1926இல் கோல்கி மறைந்தபோதும் சர்ச்சை ஓயவில்லை. 1950களில் மின்னணு நுண்பெருக்காடி வந்த பிறகே, அடுக்கி வைத்த தட்டுகளைப் போல் அந்த உறுப்பு உண்மையாகவே இருப்பது தெளிவானது. இன்று அதற்குக் கோல்கி உறுப்பு என்றே பெயர்.

சரி, அதன் வேலை என்ன? ருமேனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பலாடே, கினிப் பன்றியின் கணையத்தை ஆராய்ந்தார். கதிரியக்க அடையாளமிட்டு, புதிதாகப் பிறந்த புரதங்களைப் பின்தொடர்ந்தார். அவை கோல்கி உறுப்பை அடைந்து, அங்கிருந்து சிறு பைகளில் ஏறி வெளியேறுவதைக் காட்டினார். 1974இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் முதலில் ஆபீசுக்குத்தான் போகும். கிராணி ஐயா விலாசம் பார்த்து, இது எந்த லயத்துக்கு என்று பிரித்துக் கொடுப்பார். கோல்கி உறுப்பும் அப்படித்தான். சில புரதங்களை உடனே வெளியே அனுப்பும். சிலவற்றை உயிரணுவின் குப்பையைச் செரிக்கும் இடத்துக்கு அனுப்பும். அதற்கென்று அந்தப் புரதத்தின் மேல் ஒரு சர்க்கரை முத்திரை குத்துகிறது. ஓர் அபூர்வ நோயில் இந்த முத்திரை விழுவதில்லை. புரதங்கள் வழிதவறி வெளியே போய்விடும். உள்ளே குப்பை சேரும். பிள்ளையின் வளர்ச்சியே குன்றிவிடும். ஒரு முத்திரை தவறினால் இவ்வளவு துன்பம்!

இன்சுலினின் கதை வேறு. கோல்கி அதைப் பைகளில் கட்டித் தயாராக வைக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் உயிரணுவுக்குள் கால்சியம் பெருகும். அதுவே கட்டளை. பைகள் உயிரணுவின் ஓரச் சவ்வோடு ஒட்டி, இன்சுலினை வெளியே கொட்டுகின்றன.

இந்தப் பைகள் செல்லும் வழியை ஆராய்ந்தவர் ரேண்டி செக்மன். ரொட்டி மாவைப் பொங்க வைக்கிறதே, அந்த ஈஸ்ட்தான் அவருக்குக் கைகொடுத்தது. பழுதுபட்ட ஈஸ்டுகளை ஒப்பிட்டு, அவரும் அவருடைய மாணவர் பீட்டர் நோவிக்கும் 1980க்குள் இவ்வேலைக்கான 23 மரபணுக்களை இனங்கண்டனர். பை சரியான இடத்தில் ஒட்டுவதற்குப் பூட்டும் சாவியும் போன்ற புரதங்கள் இருப்பதை ஜேம்ஸ் ராத்மன் காட்டினார். கால்சியம் எப்படிக் கட்டளையிடுகிறது என்பதை, நரம்பணுக்களை ஆராய்ந்து தாமஸ் சூடாஃப் விளக்கினார். மூவரும் 2013இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இன்சுலின் போதாமல் போகிறது, அல்லது உடம்பு அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இன்று ஊசி மருந்தாக வரும் இன்சுலினில் ஒரு பகுதியைச் செய்து கொடுப்பதும் ஈஸ்ட்தான். இன்சுலினுக்குரிய மரபணுவைச் சேர்த்துவிட்டால், அதே கோல்கி வழியாக அது வெளியே அனுப்புகிறது. ஆக, நம் மாணவனின் பாட்டிக்குப் போடும் ஊசிக்கும் அந்த ஆந்தையின் மூளைக்கும் தொடர்பு உண்டு!

மாணவ மணிகளே! பெரிய ஆய்வுக்கூடம் இல்லையே என்று கோல்கி சும்மா இருந்துவிடவில்லை. பிறர் கறை என்றபோதும் தாம் கண்டதை மறுக்கவில்லை. நீங்களும் கண்ணால் நன்றாகப் பாருங்கள். வாய் திறந்து கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கேள்வி கேட்டால் "சும்மா இரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.