தாளின் வரியும் நூலின் வரியும்

ஸ்கேன் செய்த நூலை எழுத்துணரி வழியே எடுத்து வேர்ட் போன்ற சொற்செயலியில் திறந்தால், எழுத்துப் பிழைகளுக்கு முன்பே கண்ணில் படுபவை உடைந்து கிடக்கும் வரிகள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் யாரோ எண்டர் விசையைத் தட்டிவைத்தது போல வாக்கியங்கள் பாதியில் நிற்கும். பத்தியின் நடுவே நூலின் பெயரும் பக்க எண்ணும் வந்து விழும். ஒரு சொல்லின் தலை ஒரு வரியிலும் வால் அடுத்த வரியிலும் இருக்கும். ஒரே பத்திக்குள் எழுத்தின் அளவு 10, 11, 10.5 என்று மாறிக்கொண்டே போகும். தாளில் இருந்ததையெல்லாம் எழுத்துணரி அள்ளிக் கொடுத்துவிடுகிறது. அதில் அச்சகம் தன் தேவைக்குச் செய்தது எது, நூலுக்கே உரியது எது என்று பிரித்தெடுப்பதுதான் சீர்செய்தல். இந்த வேலைக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. தமிழில் அதற்கு இன்னும் பழைய முன்கதை இருக்கிறது.

கணினியில் நூல்கள் ஏறத் தொடங்கியபோது ஸ்கேனருக்கு அங்கே இடமில்லை. 1971 ஜூலை 4 அன்று இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கணினியில் மைக்கேல் ஹார்ட் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து வைத்தார். நூல்களை மின்னுரையாக்கி வழங்கும் குட்டன்பர்க் திட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அன்றைய கருவியின் வரம்பால் அந்தப் பிரதி முழுவதும் பெரிய எழுத்துகளில் இருந்தது. சாய்வெழுத்தோ தடித்த எழுத்தோ கிடையாது. வரி எங்கே முடிய வேண்டும் என்பதையும் தட்டச்சு செய்பவரே தீர்மானித்து விசையைத் தட்ட வேண்டும். வரிக்கு எழுபது எழுத்து அளவில் முறித்து வைக்கும் இந்தப் பழக்கம் அத்திட்டத்தின் எளிய உரைக் கோப்புகளில் பல பத்தாண்டுகள் நீடித்தது. அக்கோப்புகளைச் சொற்செயலிக்குக் கொண்டுவந்தவர்கள் அனைவரும் அந்த முறிவுகளோடு மல்லுக்கட்டினார்கள்.

வரி முடிவில் இரண்டு வகை உண்டு என்ற புரிதலைப் பரவலாக்கியவை சொற்செயலிகள். 1978இல் மைக்ரோப்ரோ நிறுவனத்துக்காக ராப் பார்னபி எழுதிய வேர்ட்ஸ்டார் இதில் குறிப்பிடத்தக்கது. பயனர் தானே தட்டிய வரி முடிவையும், ஓரம் நிரம்பியதால் மென்பொருள் மடித்துவைத்த வரி முடிவையும் அது வெவ்வேறு குறியீடுகளாகச் சேமித்தது. எழுத்துக்குரிய எட்டு பிட்டுகளில் பயன்படாமல் கிடந்த எட்டாவது பிட்டை இதற்கு எடுத்துக்கொண்டது. முதல் வகை பத்திக்கு உரியது. இரண்டாவது அந்த நேரத்துப் பக்க அகலத்துக்கு உரியது, அகலம் மாறினால் தானும் மாறிவிடும். 1983இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் வேர்ட் உள்ளிட்ட பிற்காலச் சொற்செயலிகள் மடிப்பைச் சேமிப்பதையே விட்டுவிட்டுப் பத்திக் குறியை மட்டும் வைத்துக்கொண்டன. எழுத்துணரியோ இந்த வேறுபாடு அறியாதது. தாளில் வரி முடிந்த இடமெல்லாம் அதற்குப் பத்தி முடிவுதான்.

இதற்குச் சொற்செயலிப் பயனர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது, இன்றும் பயன்படுவது. உண்மையான பத்தி முடியும் இடத்தில் பெரும்பாலும் இரண்டு பத்திக் குறிகள் அடுத்தடுத்து இருக்கும். தேடி மாற்றும் வசதியைக் கொண்டு அந்த இரட்டைக் குறிகளை நூலில் எங்குமே வராத ஓர் அடையாளமாக, மூன்று நட்சத்திரம் போல, மாற்றிவைப்பார்கள். பிறகு எஞ்சிய ஒற்றைக் குறிகளை எல்லாம் ஓர் இடைவெளியாக மாற்றுவார்கள். கடைசியில் நட்சத்திரங்களைத் திரும்பப் பத்திக் குறிகளாக்குவார்கள். மூன்றே கட்டளைகளில் நானூறு பக்க நூல் பத்தி பத்தியாக எழுந்து நிற்கும். பத்திகளுக்கு இடையே வெற்று வரி விடாமல் முதல் வரியை உள்தள்ளி மட்டுமே அச்சிட்ட நூலில் இந்த உபாயம் பலிக்காது. அங்கே உள்தள்ளலை டேப் குறியாகவோ இடைவெளிகளாகவோ தேடிப் பிடிக்க வேண்டும். எழுத்துணரி அதையும் விழுங்கிவிட்டிருந்தால் கண்ணால் பார்த்துப் பத்தி பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ரே கர்ஸ்வைல் 1976இல் பார்வையற்றோருக்காக வெளியிட்ட வாசிப்பு இயந்திரம், எந்த அச்செழுத்து வடிவையும் படிக்கும் எழுத்துணரிக்கு முன்னோடி. அதன் பின் மேசை ஸ்கேனர்கள் மலிவாக மலிவாக, தட்டச்சு செய்வதை விட ஸ்கேன் செய்து திருத்துவது லாபம் என்ற நிலை ஆங்கிலத்தில் வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் சார்லஸ் பிராங்க்ஸ் தொடங்கிய பரவல் மெய்ப்புத் திட்டம் இந்த உழைப்பைப் பக்கம் பக்கமாகத் தன்னார்வலர்களுக்குப் பகிர்ந்தது. அதன் விதிகளில் ஒன்று கவனிக்கத்தக்கது. பக்கத் தலைப்பை நீக்க வேண்டும், இரண்டாகப் பிளந்த சொல்லைச் சேர்க்க வேண்டும், ஆனால் வரி முறிவுகளைத் தொடக்கூடாது. மெய்ப்பு பார்ப்பவரின் கண் பக்கப் படத்துக்கும் உரைக்கும் இடையே ஓடும்போது, இரண்டிலும் வரிகள் ஒன்றுபோல் இருந்தால்தான் விடுபட்ட சொல் பிடிபடும். எழுத்தைத் திருத்தும் சுற்றுகளையும் வடிவத்தைக் குறிக்கும் சுற்றுகளையும் அத்திட்டம் தனித்தனியாக வைத்தது. வரிகளை இணைப்பது எல்லாம் முடிந்த பின் வரும் வேலை. அவசரப்பட்டு முதலிலேயே வரிகளைச் சேர்த்துவிட்டு, பிறகு ஒப்பிட முடியாமல் திணறுபவர்களுக்கு இந்த வரிசைமுறை நல்ல பாடம்.

தமிழ் இதே பாதையில் வரவில்லை. தமிழ் எழுத்துணரி கைக்கு எட்டாத காலத்தில், 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் அச்சு நூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் தட்டச்சு செய்தார்கள். உரைகள் முதலில் மயிலை, இணைமதி போன்ற எழுத்துருக்களிலும், பிறகு திஸ்கி குறியேற்றத்திலும், அதன் பின் யூனிகோடிலும் வெளிவந்தன.

அந்த எழுத்துருக் காலத்தின் சிக்கல் ஆங்கிலத்தார் அறியாதது. ஆங்கிலத்தில் எழுத்துரு வெறும் உடை. கழற்றினாலும் சொல் அதே சொல்தான். அன்றைய தமிழ்க் கோப்பில் எழுத்துருவே எழுத்து. ரோமன் எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தி வைத்திருந்ததால், வடிவமைப்பை நீக்கும் கட்டளையை ஒருமுறை அழுத்தினால் தேவாரம் முழுவதும் பொருளற்ற ரோமன் குறிகளாகச் சிதறிவிடும். யூனிகோடுக்கு மாற்றும்போது தலைகீழான தொல்லை வந்தது: பத்தியின் நடுவே ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தால் மாற்றி அதையும் தமிழ் எனக் கொண்டு உருக்குலைத்தது. எழுத்துகளின் வரிசையும் புரண்டது. ‘கெ’ என்ற எழுத்தில், பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முன்னும் ககரம் பின்னும் இருக்கும். யூனிகோடில் ககரம் முன், கொம்பு பின். கொம்பும் மெய்யும் காலும் சேர்ந்த எழுத்தில் காலுக்குப் பதில் யாராவது ரகரத்தைத் தட்டியிருந்தால், மாற்றிய உரையில் அந்த இடம் அப்படியே கலைந்து நின்றது.

எழுத்துணரி தமிழுக்கு உண்மையாகவே பயன்படத் தொடங்கியது பிற்பாடு. எச்பி ஆய்வகத்தில் 1985 முதல் 1994 வரை உருவாகி, 2005இல் திறமூலமாக வெளியாகி, பின்னர் கூகுளின் ஆதரவைப் பெற்ற டெசராக்ட் என்ற எழுத்துணரி தமிழையும் கற்றுக்கொண்டது. 2015இல் கூகுள் தன் டிரைவ் சேவையில் 200க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு எழுத்துணரியைத் திறந்துவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் விக்கிமூலத்தில் ஏறியபோது அவற்றின் பக்கங்களும் இந்த வழியாகவே உரையாயின. அங்கே ஒவ்வொரு பக்கமும் படத்தோடு சேர்ந்தே நிற்கிறது. மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவரும் சரிபார்த்தது பச்சை.

உரை கிடைத்ததும் தமிழ் அச்சின் பழைய வழக்கங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முந்தைய நூல்களில் துதிக்கை போல் சுழித்த ஐகாரத்தையும் மடங்கிய னாவையும் பல எழுத்துணரிகள் வேறேதோ எழுத்தாகப் படித்தன. யூனிகோடில் இரு வடிவுக்கும் ஒரே குறியீடுதான். ஆகவே திருத்துபவர் பழைய வடிவைத் தேடி அலைய வேண்டியதில்லை, சரியான எழுத்தைத் தந்தால் போதும். எண்கள் வேறு வகைத் தொல்லை. பழைய பதிப்புகளில் பக்க எண்ணும் பாட்டு எண்ணும் தமிழ் எண்களில் இருக்கும். ஒன்று ககரம் போலவும் இரண்டு உகரம் போலவும் தோன்றுவதால் 12ஆம் பக்கம் ‘கஉ’ என்று உரைக்குள் நுழைந்துவிடும். பக்க எண்களை ஒரே வீச்சில் நீக்க இலக்கங்களைத் தேடுபவருக்கு இவை அகப்படா.

எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தப்புவது ரகர மெய். அச்செழுத்தில் ‘ர்’ பெரும்பாலும் அடிக்கோடு இல்லாமல், காலின் மேல் புள்ளி வைத்தது போலவே இருக்கும். தட்டச்சு செய்தவர்களும் எழுத்துணரிகளும் அதைக் கால், புள்ளி என்ற இரண்டு குறிகளாகவே பதிந்தார்கள். திரையில் வேறுபாடு தெரியாது. ‘அவர்’ என்று தேடும்போதுதான் நூலில் நூறு இடங்களில் உள்ள சொல் ஓர் இடத்திலும் கிடைக்காமல் போகும். காலையும் புள்ளியையும் சேர்த்துத் தேடி ரகர மெய்யாக மாற்றுவதை அனுபவமுள்ளவர்கள் முதல் கட்டளையாகவே வைத்துக்கொள்கிறார்கள். தமிழில் காலுக்கு மேல் புள்ளி வர வாய்ப்பே இல்லை என்பதால் இந்த மாற்றத்தைத் தயங்காமல் செய்யலாம்.

இந்தக் குழப்பத்தின் வேர் ஏட்டில் இருக்கிறது. ஓலைச்சுவடியில் காலும் ரகரமும் ஒரே வடிவம். புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. பாட்டும் உரையும் இடைவெளியின்றி ஓலையின் ஓரம் வரை ஓடும். ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும், 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரும் அந்த ஓட்டத்திலிருந்து சொல்லையும் அடியையும் பிரித்து அச்சுக்கு ஏற்றவர்கள். ஓலையின் நீளம் எது, பாட்டின் அடி எது என்று அவர்கள் யாப்பைக் கொண்டு தீர்மானித்தார்கள். மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் இட்டுப் பிரித்துக் காட்டும் முறையும் அச்சில் நிலைபெற்றது.

அதனால்தான் தமிழ் நூலில் வடிவமைப்பை மொத்தமாகத் துடைத்தெறிவது ஆபத்து. எழுத்தின் அளவை ஒன்றாக்கிய மறுகணம் மூலமும் உரையும் கலந்துவிடும். எது புலவர் சொல், எது உரைகாரர் சொல் என்று காட்டிய ஒரே அடையாளம் போய்விடும். ஒற்றை வரி முறிவுகளை நீக்கும் கட்டளை உரைநடையைச் சரிசெய்யும் அதே வேகத்தில் வெண்பாவின் நான்கு அடிகளையும் ஒரே நீள வாக்கியமாக்கிவிடும். ஆகவே தேர்ந்தவர்கள் தேடி மாற்றும் முன்பே மூலம், உரை, அடிக்குறிப்பு, தலைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாணியைப் பெயரிட்டு ஒட்டிவிடுகிறார்கள். பிறகு உரை என்ற பாணி உள்ள இடத்தில் மட்டும் வரிகளை இணைக்கிறார்கள்.

அங்கும் ஒரு முடிச்சு உண்டு. ஆங்கில அச்சில் பிளந்த சொல்லுக்கு இணைப்புக்கோடு சாட்சி. பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் கோடு போடாமலே சொல்லை எந்த எழுத்திலும் முறித்திருப்பார்கள். வரி முறிவுக்குப் பதில் இடைவெளி வைத்தால் ‘வந்திருக் கிறான்’ என்று சொல் பிளக்கும். வைக்காவிட்டால் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். புணர்ச்சியும் அக்காலத்து எழுத்துநடையும் சேர்ந்து, எது சேர்த்து எழுதியது, எது பிரித்து எழுதியது என்பதை நூலுக்கு நூல் வேறாக்குகின்றன. மெய்யெழுத்தில் தொடங்கும் வரி நிச்சயமாக முந்திய வரியின் தொடர்ச்சி என்பது போன்ற சில விதிகளைக் கட்டளையாக்கலாம். மீதியை வரி வரியாகப் படித்துத்தான் தீர்க்க வேண்டும்.

2007இல் மின்னூலுக்கான ஈபப் வடிவம் தரப்படுத்தப்பட்டு, நூல்கள் கைபேசிக்கும் மின்வாசிப்புக் கருவிக்கும் வந்தபின் இந்த உழைப்பின் தேவை கூடியது. பக்க அகலம் வாசகரின் கையில் மாறிக்கொண்டே இருப்பதால், நீக்காமல் விட்ட ஒவ்வொரு வரி முறிவும் சிறிய திரையில் அரை வரியாக உடைந்து நிற்கிறது. செய்யுளில் அடி தானாக மடிந்தால் அடுத்த அடியோ என்று மயங்காதிருக்க, மடிந்த பகுதியை உள்தள்ளிக் காட்டும்படி பாணியில் முன்கூட்டியே அமைத்துவிடுகிறார்கள்.