அட்டை சேர்த்தவர்களும் பெட்டி செய்தவர்களும்

நம்மில் அநேகர் வீட்டுப் பரணில் ஒரு தபால்தலை ஆல்பம் தூங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பங்காளி முறையில் இன்னொரு சேகரிப்பு உண்டு. 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஆகாயத்தில் பேசி முடித்ததும், பேசியதற்கு அத்தாட்சியாக ஒருவருக்கொருவர் அனுப்பும் க்யூ.எஸ்.எல். அட்டைகள். நூறு தேசத்து அட்டைகள் சேர்ந்துவிட்டால் அமெரிக்கச் சங்கம் சான்றிதழே கொடுக்கும். பம்பாயில் என் பெரியப்பாவின் அறைச் சுவர் முழுவதும் இந்த அட்டைகள்தான். ஆனால் யாராவது வந்தால் அவர் முதலில் காட்டுவது சுவரை அல்ல. மேஜை மேல் மூடியில்லாமல் கிடக்கும், தாமே ஈயம் பற்றவைத்துச் செய்த வால்வுப் பெட்டியை.

அதில் நியாயம் இருந்தது. 1921-ல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தூ உரிமம் பெற்ற நாளிலிருந்தே இது கையால் செய்தவர்களின் பொழுதுபோக்கு. கடையில் வாங்கலாம் என்றால் கடை எங்கே?

1939-ல் யுத்தம் மூண்டதும் அமெச்சூர்கள் ஒலிபரப்புக் கருவிகளைப் போலீஸில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெட்டி போய்விட்டது, பெட்டி செய்யும் வித்தை மண்டையில் தங்கிவிட்டது. அதை யார் ஜப்தி செய்வது? 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்துத் தலைவர்கள் சிறைக்குப் போன சில வாரங்களுக்குள், பம்பாயில் காங்கிரஸ் ரேடியோ ரகசியமாகப் பேச ஆரம்பித்தது. முன்னின்றவர் உஷா மேத்தா. அப்போது வயது 22. ஒலிபரப்புக் கருவியைச் செய்துகொடுத்தவர் நரிமன் பிரிண்டர். போலீஸ் மோப்பம் பிடிக்காதிருக்க, வாடகை வீடு மாற்றி வீடு மாற்றி 42.34 மீட்டரில் ஒலிபரப்பினார்கள். நவம்பர் 12-ஆம் தேதி அகப்பட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு வருஷச் சிறை. போலீஸ் பிடித்ததும் அப்ரூவராக மாறியது வேறு யாருமில்லை, அதே பிரிண்டர்தான். செய்யத் தெரிந்த கை எல்லாம் உறுதியான கை என்று சொல்ல முடியாது. சரித்திரத்தில் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துக் கட்டிய வால்வு செட்டுகள் 'டிஸ்போஸல்' சரக்காக வந்து குவிந்தன. பம்பாய்க்காரர்களுக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூர்க்காரர்களுக்கு எஸ்.பி. ரோடு என்று ஊருக்கொரு க்ஷேத்திரம். ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு டிரான்ஸ்பார்மரைத் தூக்கி வந்து பெரியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள் பெரியப்பாவிடம் ஏராளம்.

1980-களில் இறக்குமதி சுலபமானது. ஜப்பான் செட்டுகள் வந்தன. பெட்டியைத் திறந்தே பார்க்காத ஹாம்கள் பெருகினார்கள். மிச்சமிருந்தது அட்டை வேட்டை. அதையும் நான் பழிக்க மாட்டேன். அந்தமானிலிருந்து ஓர் அட்டை உலக ஹாம்களின் நெடுநாள் கனவு. அதற்காகவே 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் ஒரு குழுவோடு போர்ட் பிளேர் போய் நிலையம் அமைத்தார். 26-ஆம் தேதி சுனாமி. அட்டைக்காக வைத்த நிலையம் அன்றே தலைநிலத்துக்குச் செய்தி கடத்தும் நிலையமாக மாறிற்று.

இருந்தாலும் என் மனசு சாய்வது ஹைதராபாத் பக்கம். அங்கே அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-ல் 'பிட்எக்ஸ்' என்ற செட்டை வடிவமைத்தார். நம் ஊர்க் கடையில் கிடைக்கிற சாமான்களை வைத்தே, பேசவும் கேட்கவும் ஒரே செட். பேசும் சக்தி சுமார் 6 வாட்தான். விசேஷமான வளையக் காந்தம் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? குழாய் ரிப்பேருக்கு வாங்குவோமே, அந்த நைலான் வாஷர்! அதன்மேல் செப்புக் கம்பியைச் சுற்றினால் காயில் தயார். வரைபடத்தை யாருக்கும் ஒளிக்காமல் கொடுத்துவிட்டார். வெளிநாடுகளிலும் ஹாம்கள் பெட்டியைத் திறந்து பற்றவைக்க உட்கார்ந்தார்கள். பிற்பாடு அதே செட்டின் புதிய வடிவங்கள் பாதி செய்த பலகையாக விற்பனைக்கு வந்தபோது, அவற்றுக்கான காயில்களை ஹைதராபாத்தில் ஒரு பெண்கள் குழு ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிக்கொடுத்தது.